எழுதப்படாத ஏடும் ஐயக் கிளவியும்

தமிழாசிரியர் ஒருவர் விழா மலருக்குக் கட்டுரை வரைவதாயின், இலக்கியச் சுவை பற்றியோ இலக்கண நுட்பம் பற்றியோ வரைதலே மரபு. யாமோ இம்முறை கணினிச் செய்நிரல் பற்றி வரையத் துணிந்தோம். அன்பர்கள் வியவாதிருப்பாராக. எம்பாற் பயின்று இன்று கணினித் துறையிற் கடமையாற்றும் பழைய மாணவர் ஒருவர், விடுமுறையில் எம்மைக் காண வந்தபோது, தமது தொழிலில் எழும் இடர்ப்பாடு ஒன்றனை எடுத்துரைத்தார். அதனை நீக்குதற்கு அத்துறையினர் கண்ட வழியையுங் கூறினார். கேட்டிருந்த எமக்குத் தொல்காப்பியக் கிளவியாக்கத்தைப் பாடஞ் சொல்லும் வகுப்பறையில் இருப்பது போன்ற உணர்வே உண்டாயிற்று. அதன்பின் அவர் துணையோடு கற்றுத் தெளிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண் எமது பிழையொன்றை ஒப்புக்கொண்டு தொடங்குதல் நன்று. சில ஆண்டுகளின் முன் ஒரு வகுப்பின் புள்ளிப் பட்டியலைக் கணினியிலே ஆயத்தஞ் செய்தோம். புதிய பட்டியல் வரைவதிற் காலம் வீணாகும் என எண்ணி, முன்னைத் தவணைப் பட்டியலையே எடுத்து, பழைய புள்ளிகளின் மேற் புதியவற்றைப் பதிந்து சென்றோம். காய்ச்சலாற் பரீட்சைக்கு வராத மாணவன் ஒருவனின் கட்டத்தில் மாத்திரம் எதனையும் பதிந்திலோம். பதியாமையால் அக்கட்டம் வெறுமையாய் இருந்ததா? இல்லை. முன்னைத் தவணையில் அவன் பெற்ற 71 புள்ளி அங்கேயே இருந்தது. தேர்ச்சி அறிக்கையும் வீடு சென்றுவிட்டது. எழுதாத பரீட்சைக்குப் புள்ளி வந்திருப்பதை அம்மாணவனே எம்மிடம் வந்து அறிவித்தான். அவனது நேர்மையால் உண்மை வெளிப்பட்டது. ஆயினும் அதற்கிடையில் வகுப்பின் சராசரி பிழைத்து, நிலை வரிசையும் பிழைத்து, வேறு பலருடைய அறிக்கைகளும் திருத்தப்பட வேண்டியவாயின.

எல்லாக் கட்டங்களையும் முதலிற் பூச்சியமாக்கிய பின் தொடங்கியிருப்போமாயின் என்னாகும்? அம்மாணவன் பூச்சியம் பெற்றவனாவான். அதுவும் பொய்யே. பரீட்சைக்கு வராதவன் வேறு. வந்து பூச்சியம் பெற்றவன் வேறு. பழைய எண்ணுமன்றிப் பூச்சியமுமன்றி மூன்றாவது வழியொன்று வேண்டும். அவ்வழி யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கணினியின் நினைவகத்தை அளவற்ற சிறு கட்டங்கள் கொண்ட ஒரு பெரும் பேரேடாகக் கருதலாம். செய்நிரல் ஒன்று இயங்கும்போது தனக்கு வேண்டிய அளவு கட்டங்களைக் கேட்டுப் பெறுகின்றது. வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கின்றது. திருப்பிக் கொடுத்த கட்டங்களை எவரும் அழித்துத் துடைப்பதில்லை. அடுத்த தேவைக்கு அவையே மீண்டும் வழங்கப்படும்போது, முன்னர் எழுதப்பட்டவை அவற்றிற் கிடக்கும். இவ்வாறு, இடம் பெறப்பட்டும் புதிய பெறுமானம் எழுதப்படாத நிலையில் உள்ளதனையே தொடக்கப்படாத நினைவகம் என்பர். ஒரு செய்நிரலுக்கு உரியதை மற்றொன்று காணலாகாது என்பதற்காக, இயக்க முறைமை ஒரு செய்நிரலுக்குப் புதிதாய் வழங்கும் பக்கங்களைப் பெரும்பாலும் பூச்சியமாக்கியே தரும். ஆயின் ஒரே செய்நிரல் தானே விடுத்துத் தானே மீளப் பெறுங் கட்டங்களுக்கு இக்காவல் இல்லை.

அங்ஙனமாயின், பெற்றவுடனே அனைத்தையும் பூச்சியமாக்கிவிட்டால் என்ன எனச் சிலர் வினவுவர். பெரும்பாலான வேளைகளில் அதுவே தக்க வழி. ஆயினும் அதற்கும் ஒரு செலவு உண்டு. 1000 நிரையும் 1000 நிரலும் கொண்ட தாயம் ஒன்றனை எண்ணுக. அதில் 10 இலட்சம் எண்கள் அடங்கும். ஒவ்வோர் எண்ணுக்கும் 8 பைற்று வீதம் 80 இலட்சம் பைற்று இடம் வேண்டும். இரு தாயங்களைக் கூட்டி மூன்றாவதில் விடையை எழுதுவதே நோக்கமாயின், அம்மூன்றாவது தாயத்தின் ஒவ்வொரு கட்டமும் எப்படியும் எழுதப்படவே போகின்றது. அதனை முன்னரே பூச்சியத்தால் நிரப்புதல், நடப்போகும் வயலில் ஒருமுறை நட்டுப் பிடுங்கி மறுபடியும் நடுதல் போலாகும். ஒருமுறை ஆயிற் பொறுக்கலாம். வானிலைக் கணிப்பு முதலிய வேலைகளில் இது பல்லாயிரம் முறை நிகழும். ஆதலாற் கணிதத்துக்கென அமைந்த செய்நிரல் நூலகங்கள், நிரப்பாமலே இடத்தைப் பெறும் வழியொன்றையும் வைத்துள்ளன. பைதன் மொழியின் நம்பை நூலகத்தில் அத்தகைய செயற்கூறு, 'வெறுமை' எனப் பொருள்படும் பெயர் பூண்டுள்ளது. வெறுமை என்பது பெயரளவிலே தான். அது தரும் அணியில் எந்த எண்ணும் இருக்கலாம்.

இனி, தொடக்கப்படாத கட்டத்தை வாசித்தலால் வருங் கேடு யாது? பழைய எண் புதிய எண்ணாகக் கொள்ளப்படுதல் முதற் கேடு. அதனை எமது புள்ளிப் பட்டியலிற் கண்டோம். அதனினும் பெரிய கேடுகள் உள.

செய்நிரல் மொழிகள் பலவற்றில் ஒவ்வொரு பெறுமானத்துக்கும் ஒரு வகை உண்டு. நம் மொழியிலே திணையும் பாலும் போல, எது எதனோடு முடியும் என்பதை அவ்வகையே வரையறுக்கும். மெய், பொய் என்னும் இரண்டை மாத்திரம் ஏற்கும் வகையொன்று உண்டு. அது ஒரு பைற்றில் அடங்கும். ஒரு பைற்றில் 256 வடிவங்கள் எழுதலாமாயினும், அவ்வகைக்கு உரியவை பூச்சியமும் ஒன்றுமாகிய இரண்டே. முன்னையோர் விட்டுச் சென்ற 37 அங்குக் கிடக்குமாயின், அது மெய்யுமன்று, பொய்யுமன்று. அதனை மெய்யோ பொய்யோ எனக் கேட்டு இரு வழியுள் ஒன்றிற் செல்லும் செய்நிரல் எவ்வழிச் செல்லும் என எவராலுஞ் சொல்லவியலாது.

இதனைவிட நுட்பமானது தொகுப்பானின் செயல். தொகுப்பான் என்பது நாம் எழுதுஞ் செய்நிரலைப் பொறி விளங்கும் கட்டளைகளாக மாற்றித் தருவது. நாம் எழுதியவை அனைத்தும் மொழியின் விதிகளுக்கு அமைந்தவையே என அது நம்பிக்கொள்ளும். அந்நம்பிக்கையின்மேற் கட்டளைகளைச் சுருக்கியும் இடமாற்றியும் விரைவுபடுத்தும். எழுதப்படாத கட்டத்தை வாசித்தல் விதிக்கு மாறாதலின், அத்தகைய வாசிப்பு நிகழவே நிகழாது என அது முடிவு செய்துகொள்ளும். அதன் விளைவாக, ஒரே கட்டத்தை இருமுறை வாசிக்க இரு வேறு பெறுமானங்கள் வரலாம். ஓர் எண் தனக்குத்தானே சமமன்று என விடை வரலாம். 'பழைய குப்பைதானே, ஏதோ ஓர் எண் வரும், வந்தாற் பார்த்துக்கொள்வோம்' என எண்ணுதல் பேதைமை. ஏதோ ஓர் எண் வரும் என்பதற்குக்கூட அங்கே உறுதி இல்லை.

நிற்க. றஸ்ற் என்னும் செய்நிரல் மொழி இத்தகைய நினைவகப் பிழைகளைத் தொகுப்பானே தடுத்தல் வேண்டும் என்னும் நோக்குடன் எழுந்தது. அதன் முதற் பதிப்பு 2015 ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. சாதாரணமாக எழுதப்படும் றஸ்ற் செய்நிரலில் எழுதப்படாத கட்டத்தை வாசித்தல் இயலாது, தொகுப்பான் மறுத்துவிடும். ஆயினும் சில வேலைகளுக்கு விதியை இளக்குதல் இன்றியமையாததாகும். அவ்விடங்களிற் 'காப்பற்றது' எனப் பொருள்படும் ஒரு குறிச்சொல்லை எழுதி, அதன் எல்லைக்குள் பொறுப்பைச் செய்நிரலர் தாமே ஏற்றல் வேண்டும். இதனை நம் இலக்கணத்து வழுவமைதிக்கு ஒருவாறு ஒப்பிடலாம். வழுவைக் காரணங்காட்டி அமைத்துக்கொள்ளும்போது, அமைத்துக்கொள்வோனே அக்காரணத்துக்குப் பொறுப்பாளனாவான் அன்றோ?

றஸ்ற் மொழியில் அணிகளைக் கையாளுதற்கு என்டி-அறே என்றொரு நூலகம் உண்டு. அணி என ஈண்டுக் கூறியது உவமை முதலிய அணிகளையன்று. நிரை நிரலாக அடுக்கிய எண் தொகுதியை. பட்டியல், தாயம், அதற்கு மேற்பட்ட பரிமாணங்களில் அடுக்கியவை ஆகிய அனைத்தும் இதனுள் அடங்கும். இந்நூலகத்திலும் நிரப்பப்படாத அணியைப் பெறும் செயற்கூறு ஒன்று தொடக்க காலத்தில் இருந்தது. அது காப்பற்றது எனக் குறிக்கப்பட்டே இருந்தது. நகலெடுத்தற்கு எளிய வகைகளுக்கு மாத்திரமே அனுமதிக்கப்பட்டிருந்தது. மொழியின் அடிப்படை நூலகத்திலும் அதனை ஒத்த செயற்கூறு ஒன்று இருந்தது. எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தும் அவை ஏன் கைவிடப்பட்டன?

அவை தந்த பொருளின் பெயரிலேயே பிழை இருந்தது. எண்ணணி வேண்டும் எனக் கேட்டவருக்கு 'இதோ எண்ணணி' என்றே அது வழங்கப்பட்டது. உள்ளே எண் இல்லை. எண் எழுதப்பட வேண்டிய இடமே இருந்தது. மெய் பொய் அணி வேண்டும் எனக் கேட்டவருக்கு, மெய்யும் பொய்யும் அல்லாதன கிடக்கும் இடம், 'மெய் பொய் அணி' என்னும் பெயருடன் வழங்கப்பட்டது. வாங்கியவர் எவ்வளவு கவனமாகப் பின்னர் நிரப்பினாலும், வழங்கிய கணத்திலேயே ஒரு பொய் சொல்லப்பட்டாயிற்று. தொகுப்பானோ அப்பெயரை நம்பித் தன் வேலையைத் தொடங்கிவிடும். பிழை பின்னர் வாசிப்பவரிடத்து அன்று. முன்னர்ப் பெயரிட்டவரிடத்தே உள்ளது.

இவ்விடத்தேதான் எமக்குக் கிளவியாக்கம் நினைவுக்கு வந்தது. மாலை மயங்கும் வேளையில் வயல் வரம்பிலே ஒன்று தோன்றுகின்றது. நிற்பது மரக்குற்றியோ மகனோ எனத் தெரியவில்லை. அப்போது என்ன சொல்லால் அதனைச் சுட்டுவது? மகன் எனச் சுட்டி, அது குற்றியாயின் வழு. குற்றி எனச் சுட்டி, அது மகனாயின் வழு. ஆதலால், திணை துணியப்படாத இடத்து உருவு என்னும் பொதுச்சொல்லாற் சுட்டுக என இலக்கணம் விதித்தது. ஐயம் நீங்கித் துணிவு பிறந்த பின்னரே உரிய பெயராற் சொல்லுதல் வேண்டும். ஐயத்தை மறைத்தல் இலக்கணத்தின் நோக்கமன்று. ஐயத்துக்கே உரியதொரு கிளவியை வகுத்து, அதனை வெளிப்படையாக்குதலே நோக்கம்.

றஸ்ற் மொழியினர் கண்ட தீர்வும் இதுவே. 2019 ஆம் ஆண்டு யூலை மாதம் வெளிவந்த 1.36 ஆம் பதிப்பில் மேபி-அன்இனிற் என்னும் புதிய வகையொன்று நிலைபெற்றது. 'ஒருவேளை தொடக்கப்படாதது' என்பது அப்பெயரின் பொருள். யாம் அதனை ஐய வகை என்போம். அதே ஆண்டு நவம்பரில் வெளிவந்த 1.39 ஆம் பதிப்பில் அடிப்படை நூலகத்தின் பழைய செயற்கூறு தவிர்க்கத்தக்கது எனக் குறிக்கப்பட்டது. என்டி-அறே நூலகமும் இவ்வழியைத் தழுவிக்கொண்டது. 2021 ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் 0.15 ஆம் பதிப்பிலே பழைய செயற்கூறு, சரிவரக் கையாளுதற்கு அரிது என்னுங் குறிப்புடன் ஒதுக்கப்பட்டது.

புதிய முறையில் மூன்று படிகள் உள. முதலாவது, வேண்டிய பரிமாணங்களைக் கூறி நிரப்பப்படாத அணியைப் பெறுதல். வருவது எண்ணணியன்று, எண்ணுக்குரிய ஐய அணி. பெயர் உண்மையாதலின், இப்படியிற் காப்பற்றது எனக் குறிக்கவேண்டிய தேவையே இல்லை. இரண்டாவது, ஒவ்வொரு கட்டத்திலும் உரிய பெறுமானத்தை எழுதுதல். இடையில் எவரேனும் ஐய அணியின் ஓர் உறுப்பை எடுத்து மற்றோர் எண்ணுடன் கூட்ட முற்பட்டால், வகை பொருந்தவில்லை எனத் தொகுப்பான் மறுத்துவிடும். மூன்றாவது, எல்லாக் கட்டங்களும் எழுதப்பட்டன என உறுதி கூறி, ஐய அணியை எண்ணணியாகப் பெயர் மாற்றுதல். இம்மூன்றாவது படி மாத்திரமே காப்பற்றது எனக் குறிக்கப்பட்டுள்ளது.

இதனால் விளைந்த நன்மை யாது? முன்னர், அணி பிறந்தது முதல் அதன் கடைசிக் கட்டம் எழுதப்படும் வரை, இடைப்பட்ட ஒவ்வொரு வரியும் ஐயத்துக்கு இடமாயிருந்தது. இன்று அவ்வையம் முழுவதும் ஒரே வரியில் வந்து குவிந்துள்ளது. பிழை தேடுவோர் அவ்வரியைக் கண்டு, 'இவ்வுறுதி உண்மையா?' என ஒரே வினா வினவினாற் போதும். 1000 நிரைகளுள் 999 மாத்திரம் எழுதப்பட்டிருப்பின் அவ்வுறுதி பொய். 1000 உம் எழுதப்பட்டிருப்பின் மெய். மேலும், இரு அணிகளை உறுப்புக்கு உறுப்பு இணைத்து மூன்றாவதை ஆக்கும் செயற்கூறுகளை நூலகமே தருகின்றது. அவை இம்மூன்று படிகளையும் தம்முள்ளேயே செய்து முடிப்பதால், அவற்றைப் பயன்படுத்துவோர் அவ்வுறுதியைத் தாமே கூறவேண்டிய தேவையும் நேராது.

மற்றொரு நன்மையும் உண்டு. எண்களைப் போலன்றி, சொற்றொடர் போன்ற வகைகள் வேறோரிடத்து நினைவகத்தைத் தமக்கு உரிமையாகக் கொண்டவை; கட்டத்தில் இருப்பது அவ்விடத்தின் முகவரி மாத்திரமே. றஸ்ற் மொழியில் ஒரு கட்டத்திலுள்ள பழைய பொருளை நீக்கிப் புதியதை இடும்போது, பழையதற்கு உரிய நினைவகத்தை விடுவித்தல் மொழியின் கடமை. எழுதப்படாத கட்டத்தில் இவ்வாறு செய்யின், அங்குக் கிடக்குங் குப்பையை ஒரு முகவரியாகக் கொண்டு, எவருடையதோ ஆகிய நினைவகம் விடுவிக்கப்படும். வெற்று வளவு என்றெண்ணி அயலான் வீட்டை இடித்தல் போலும் அது. ஐய வகையோ, தன்னுள் ஒன்று இருப்பதாகக் கொள்வதேயில்லை. ஆதலால் அதன்மேல் எழுதும்போது எதனையும் விடுவிக்க முற்படாது. எண்ணல்லாத வகைகளையும் இம்முறையில் அச்சமின்றிக் கையாளலாம் என்பது இதனாற் பெறப்படும்.

நிரப்பும் வேலை இடைவழியில் முறிந்துபோயின் என்னாகும் எனவும் வினவலாம். அதுவரை எழுதப்பட்டவற்றுக்கு உரிய நினைவகம் விடுவிக்கப்படாமற் கிடக்கும். அது விரயம், ஆயினும் பொய்யன்று. என்டி-அறே நூலகம் எத்தனை உறுப்புகள் எழுதப்பட்டன என எண்ணிவந்து, இடையில் முறியின் அத்தனையை மாத்திரம் விடுவிக்கும் காவல் ஒன்றையும் தன் உள்ளமைப்பிற் கொண்டுள்ளது.

ஒன்றை மறைத்தல் ஆகாது. ஐய வகை, தான் ஏற்கும் வகைக்கு உரிய அதே அளவு இடத்தையே கொள்கின்றது. ஐயம் என்னுங் குறிப்புக்கென ஒரு பைற்றும் மிகுதியாய்ச் செலவாவதில்லை. அதனால் விரைவு கெடுவதில்லை. ஆனால் அதன் பயனாக, எக்கட்டம் எழுதப்பட்டது, எக்கட்டம் எழுதப்படவில்லை என்பதைப் பொறி நினைவில் வைத்திருப்பதுமில்லை. மூன்றாம் படியிற் கூறப்படும் உறுதியை எவருஞ் சோதித்துப் பார்ப்பதில்லை. பொய்யுறுதி கூறுவோனை இம்முறையுங் காப்பாற்றாது. மிரி என்னும் கருவியில் இட்டுச் செய்நிரலை மெல்ல இயக்கிப் பார்ப்பின், அந்த இயக்கத்தின்போது எழுதப்படாத இடம் வாசிக்கப்படுவதை அது பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். அது பரீட்சிப்புக்கு உரியதேயன்றி நாளாந்த இயக்கத்துக்கு உரியதன்று.

ஐயம் எழுத்திலே வெளிப்படாவிடின் எத்துணைக் கேடு விளையும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. டெபியன் என்னும் இயக்க முறைமையில் ஓப்பின்-எஸ்.எஸ்.எல். என்னும் மறைகுறியாக்க நூலகம் இடம்பெற்றிருந்தது. அது சி மொழியில் எழுதப்பட்டது. எவராலும் ஊகிக்கவியலாத திறவுகோல்களை ஆக்குதற்கு, அது பல மூலங்களிலிருந்து ஒழுங்கற்ற பெறுமானங்களைத் திரட்டிக் கலந்துகொள்ளும். எழுதப்படாத நினைவகம் பயன்படுத்தப்படுகின்றது எனச் சோதனைக் கருவி எச்சரித்தமையால், 2006 ஆம் ஆண்டில் ஒரேவிதமாக எழுதப்பட்ட இரு வரிகள் நீக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று நீக்கத்தக்கதே. அதனால் இழப்பு இல்லை. மற்றையதோ உண்மையான ஒழுங்கற்ற பெறுமானங்களையும் கலவையிற் சேர்க்கும் வரி. அது போனதும், கலவையில் எஞ்சியது செய்நிரலின் இயக்க இலக்கமே. அவ்விலக்கம் 32,768 என்னும் எல்லையைத் தாண்டுவதில்லை. எண்ணிலடங்காதனவாய் இருக்கவேண்டிய திறவுகோல்கள், ஒவ்வொரு வகைக்கும் சில பத்தாயிரமாகச் சுருங்கின. 2008 ஆம் ஆண்டு மே மாதம் இது வெளிப்படும் வரை, ஏறத்தாழ இருபது மாதங்கள் அப்பூட்டுகளை நம்பியே பலரும் தம் கதவுகளைப் பூட்டினர். வெளிப்பட்டதும் உலகெங்கணும் அத்திறவுகோல்களை மாற்றவேண்டியதாயிற்று.

அவ்வரிகளை நீக்கியவர் கவனமற்றவர் எனக் கூறல் முறையன்று. அவர் எச்சரிக்கைக்குச் செவிசாய்த்தவர். அது பற்றி வினவியுமிருந்தார். இரு வரிகளும் ஒரே தோற்றத்தவாய் இருந்தன. எழுதப்பட்ட இடமும் எழுதப்படாத இடமும் அம்மொழியில் ஒரே பெயராற் சுட்டப்பட்டன. உருவு எனச் சொல்லவேண்டிய இடத்தும் மகன் என்றே சொல்லப்பட்டது. பெயரில் வேறுபாடு இல்லாதபோது, மாந்தர் கண்ணுக்கு மாத்திரம் வேறுபாடு எங்ஙனம் புலப்படும்?

கல்லூரியில் இன்று பயிலும் மாணவர்களுட் பலர் நாளை இத்துறையிற் புகுவர். அவர்களுக்கு ஒன்று கூற விரும்புகின்றோம். அறியாததை அறிந்ததுபோற் பெயரிடாதிருத்தல் ஒழுக்கத்தின்பாற் படுவது மாத்திரமன்று. நுட்பத் தொழிலின் அடிப்படையுமாகும். ஐயத்தை ஐயமாகவே எழுதி வையுங்கள். துணிந்த பின்னரே துணிவுப் பெயர் சூட்டுங்கள். 'யான் உறுதி கூறுகின்றேன்' எனக் கையெழுத்திடும் இடம் ஒன்றேயாயினும், அவ்விடத்துக்கு முன் ஒருகணம் நின்று, எல்லாக் கட்டங்களையும் எண்ணிப் பாருங்கள். இலக்கண வகுப்பிலே குற்றியும் மகனும் நமக்கு எதற்கு எனச் சலித்துக்கொள்வோருக்கும் இதனுள் விடை உண்டு.

எமது புள்ளிப் பட்டியலும் இப்போது திருந்திவிட்டது. ஒவ்வொரு தவணையும் எல்லாக் கட்டங்களிலும் முதலில் 'பதியப்படவில்லை' என்று எழுதிய பின்னரே தொடங்குகின்றோம். அச்சொல் எஞ்சியுள்ள வரை சராசரியைக் கணிப்பதில்லை. வராதவன் பெயருக்கு நேரே வரவில்லை என்றே பதிகின்றோம். 71 புள்ளியைத் தனதன்று எனத் திருப்பிக் கொடுத்த அம்மாணவனிடம் யாம் கற்ற பாடம் அது. இத்தகைய மாணவரை ஈன்ற எம் கல்லூரி நீடு வாழ்க.